கச்சான் வீசும் கடலில் கயாக் கவிழ்ந்தால்

கடலில் கயாக் ஓட்டுபவர் தன்னோடு கொண்டுபோக வேண்டிய பாதுகாப்புப் பொருட்களின் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. பிரித்தானியா, நோர்வே, கனடா ஆகிய நாடுகளின் கடல்களை மனத்தில் வைத்தே அவை தொடங்குகின்றன. அங்கே கவிழ்ந்தவரின் முதல் எதிரி குளிர். 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும், அந்த மூச்சோடு நீரும் உள்ளே போகும், சில நிமிடங்களில் விரல்கள் மரத்துவிடும். ஆகவே உடம்பில் நீர் படாமல் மூடும் முழுநீள உடையே பட்டியலின் முதலிடத்தில் நிற்கிறது. திருகோணமலைக் கடலின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதியில் 27 முதல் 30 பாகை வரை இருக்கிறது. இங்கே அந்த உடையைப் போட்டுக்கொண்டு துடுப்பு வலிப்பவர் கவிழ்வதற்கு முன்பே வெக்கையில் மயங்கி விழுவார்.

அதனால் இந்தக் கடல் இரக்கமுள்ளது என்று ஆகிவிடாது. இங்கே உயிர் போவது வேறு வழியில். படகு கையைவிட்டுப் போகும், காற்று வெளியே தள்ளும், மணிக்கணக்கில் வெயிலில் மிதந்து களைப்பு வரும், தேடி வருபவர் கண்ணுக்கு ஆள் தெரியமாட்டார். இரவாகிவிட்டால் இளஞ்சூடான நீரும் உடம்பின் சூட்டை உறிஞ்சத்தான் செய்யும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே திருகோணமலைக்கான பட்டியலை இந்தக் கடலின் காற்றையும் கரையையும் பார்த்துப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

முதலில் இடம். ஒரே மாவட்டத்துக்குள் இங்கே நான்கு விதமான நீர் இருக்கிறது. உள்துறைமுகம் ஏறத்தாழ 1,630 ஹெக்டேயர் பரப்புள்ளது. அதன் வாய் 500 மீற்றர் அளவுதான். சுற்றிலும் குன்றுகள் காப்பதால் பெருங்காற்றிலும் அங்கே பெரிய அலை எழாது. அதை விட்டு வெளியே வந்தால் கொட்டியாரக்குடா. கிழக்கே திறந்து கிடக்கும் அந்தக் குடாவில்தான் மகாவலி வந்து விழுகிறது. கரையை ஒட்டியே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதற்கு அதுவே காரணம். வடக்கே உப்புவெளியும் நிலாவெளியும் திறந்த மணற்கரைகள். நிலாவெளிக்கு நேரே ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாமலை, 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு. நான்காவது, கிண்ணியாவையும் மூதூரையும் சுற்றிய களப்புகளும் ஆற்றுவாய்களும். உள்துறைமுகத்தில் துடுப்புப் பழகியவர் அதே துணிவோடு நிலாவெளியில் இறங்கினால் அவர் வேறொரு கடலில் இறங்குகிறார்.

அடுத்தது காற்று. மே முதல் செப்ரெம்பர் வரை சுற்றுலாக் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து சூடேறிக் கிழக்குக் கரைக்கு இறங்கும்போது அதுதான் கச்சான். இந்த மாவட்டத்தில் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையில் நிற்பவருக்குக் கடல் தட்டையாகத் தெரியும். காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதால் அதன் பலமும் உறைக்காது. மரங்களும் கட்டடங்களும் கரையோர நீரை மறைத்துக் காக்கின்றன. இருநூறு முந்நூறு மீற்றர் தாண்டியதும் காற்று நீரைப் பிடிக்கிறது. வெளியே போகப் போக அலை வளர்கிறது, ஆனால் அலை போகும் திசையிலேயே படகும் போவதால் எல்லாம் சுகமாக இருக்கிறது. கரைக்குத் திரும்பலாம் என்று தலையைத் திருப்பும்போதுதான் காற்று முகத்தில் அறைகிறது, அலை முன்னணியத்தில் மோதுகிறது, படகு குறுக்கே விழுகிறது. பெரும்பாலான கவிழ்வுகள் நேரக்கூடிய இடம் அந்தத் திருப்பம்தான். பகலில் கடற்காற்று எழுந்து கச்சானை எதிர்க்கும் நாட்களும் உண்டு. கச்சான் பலத்த நாட்களில் கடற்காற்று தலைதூக்குவதே இல்லை.

இந்தத் தரைக்காற்று என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சாட்சி இங்கிலாந்தின் லைம் குடா. 1993 மார்ச் 22 அன்று எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரு பயிற்றுநர்களும் லைம் ரீஜிசிலிருந்து சார்மவுத்துக்குக் கயாக்குகளில் புறப்பட்டார்கள். கரையோரமாகப் போகும் மிகக் குறுகிய பயணம் அது. ஆசிரியரின் படகு திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது, ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட்டார். மற்றவர்களின் படகுகளைத் தரைக்காற்று வெளியே அள்ளிக்கொண்டு போனது. படகுகளுக்குள் நீர் நிறைந்தது. அவர்களிடம் தீச்சுடர் சைகைகள் இல்லை. திரும்ப வேண்டிய நேரம் கடந்து வெகுநேரத்துக்குப் பின்னரே கரையிலிருந்து மீட்புக்குச் செய்தி போனது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அந்த நிகழ்வின் விளைவாகப் பிரித்தானியா 1995 இல் இளையோருக்கான சாகசப் பயிற்சி நிலையங்களை உரிமம் பெற வைக்கும் சட்டத்தை இயற்றியது. அங்கே குளிரும் கொன்றது என்பது உண்மை. ஆனால் அவர்களைக் குளிரிடம் கொண்டுபோய் ஒப்படைத்தவை தரைக்காற்றும், கரையில் யாரும் நேரம் பார்க்காததும். அவை இரண்டும் நிலாவெளியிலும் உண்டு.

ஒக்ரோபர் கடைசியிலிருந்து கதை தலைகீழாகிறது. வடகிழக்குப் பருவக்காற்றான வாடை பிடித்துவிட்டால் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். கவிழ்ந்தவரை அது கரைக்குத்தான் தள்ளும், ஆனால் உடையும் அலைகளுக்கு நடுவே தள்ளும். கரைக்கு அருகே கவிழ்ந்த கயாக் நீர் நிறைந்து, அலையோடு வந்து ஆளை இடிக்கும். அப்போது ஒரே விதி, படகுக்கும் கரைக்கும் இடையில் நிற்கக்கூடாது. கோணேசர் மலையின் அடியில், இராவணன் வெட்டுப் பக்கம், நிலைமை இன்னும் மோசம். செங்குத்துப் பாறையில் மோதிய அலை திரும்பிவந்து புதிதாக வரும் அலையோடு மோதுகிறது. எந்தப் பக்கம் சாய்வது என்று படகுக்கும் தெரியாது, ஓட்டுபவருக்கும் தெரியாது. 1964 டிசெம்பர்ப் புயலும் 2020 டிசெம்பரின் புரேவியும் கரையேறிய கரை இது. வாடைக்காலத்தில் திறந்த கரையில் கயாக் வாடகைக்கு விடுவதை நியாயப்படுத்த எந்த உபகரணத்தாலும் முடியாது என்பது என் முடிவு. அந்த மாதங்களில் உள்துறைமுகத்தின் காப்பான மூலைகள் போதும். அங்கும் கடற்படையின் தடைப்பகுதிகளை அறிந்து, அனுமதி கேட்டே போக வேண்டும். மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் வரும் கப்பல்களின் மேடையிலிருந்து பார்த்தால் நீர்மட்டத்தில் இருக்கும் கயாக் தெரியவே தெரியாது.

இனி உபகரணம். இதில் என் நிலைப்பாடு ஒன்றே. உடம்பில் கட்டியிருப்பது மட்டும்தான் உங்களுடையது. படகில் வைத்திருப்பது படகோடு போய்விடும்.

இதைக் கற்பிக்க இங்கிலாந்துக்குப் போகத் தேவையில்லை. 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலப் பணி நடந்துகொண்டிருந்ததால் மக்களை ஏற்றிச்சென்ற இழுவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்குப் போகும் நேரம். அன்றே 6 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். அது பெருங்கடல் அல்ல, புயலும் வீசவில்லை. இக்கரையில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் கேட்கும் களப்பு. உயிர்காப்பு அங்கி உடம்பில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் மிதந்திருப்பார்கள், கரையிலிருந்து பாய்ந்தவர்கள் அவர்களை எட்டிப் பிடித்திருப்பார்கள். தமிழ்நாட்டின் பழவேற்காட்டில் 2011 கிறிஸ்மஸ் நாளன்று ஆள் நிறைத்துப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததும் இதே வகைதான். கயாக், வள்ளம், பாதைப்படகு என்று கடல் பிரித்துப் பார்ப்பதில்லை. வள்ளத்துக்கும் பாதைப்படகுக்கும் ஒரு விதி, வெள்ளைக்காரர் ஓட்டும் கயாக்குக்கு வேறு விதி என்று நாம் பிரித்து வைத்திருப்பதுதான் பிழை.

அங்கியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் அதிகம் ஏமாற்றப்படுகிறோம். உலக அளவில் மிதக்கும் அங்கிகள் ஐ.எஸ்.ஓ. 12402 என்ற தரத்தின்படி 50, 100, 150, 275 நியூற்றன் என்று வகுக்கப்பட்டுள்ளன. 50 நியூற்றன் என்பது ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தாங்கும் மிதப்பு. வளர்ந்த மனிதரின் உடம்பு நீருக்குள் மிகக் குறைந்த எடையே காட்டும் என்பதால், தலையை நீருக்கு மேலே வைத்திருக்க அது போதும். 100 க்கு மேற்பட்டவை மயங்கியவரையும் முகம் மேலே வருமாறு புரட்ட முயலும், ஆனால் மார்பில் பருத்திருப்பதால் படகில் ஏறவிடாது. அதனால் கயாக் ஓட்டுபவர்கள் கைகளை வீசத் தடையில்லாத 50 நியூற்றன் அங்கியைத் தேர்கிறார்கள். நீந்தத் தெரிந்து, நினைவோடு இருப்பவருக்கு அது சரி. நீந்தத் தெரியாத சுற்றுலாப் பயணிக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பது சரியல்ல. அவர்களுக்கு 100 வேண்டும், பிள்ளைகளுக்குக் கவட்டுக்குள்ளால் போகும் பட்டியும் வேண்டும். நீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் அங்கி கயாக்குக்கு ஆகாது. அலைத்தெறிப்பிலேயே அது ஊதிவிடும்.

இப்போது வாடகைக் கொட்டிலில் தொங்கும் அங்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். செம்மஞ்சள் நிறம் வெளுத்து வெள்ளையாகிவிட்டதா? வெயில் துணியைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம், தையலைப் பிடித்து இழுத்தால் கிழியலாம். உள்ளே இருக்கும் நுரைத்தட்டை விரலால் அழுத்துங்கள். அழுத்திய பள்ளம் மெல்ல நிமிர வேண்டும். நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, பள்ளம் அப்படியே நின்றாலோ, அது பழைய மெத்தைத் துண்டுதான். கொக்கி உடைந்து, அதற்குப் பதிலாக நைலோன் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரக்கையால் கயிற்று முடிச்சை அவிழ்க்கவும் முடியாது, இறுக்கவும் முடியாது. போட்ட பிறகு இன்னொருவரை இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறினால் நீரில் அது முகத்தை மூடும். வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. 5 கிலோ இரும்புப் படியை அங்கியில் கட்டி ஆழமில்லாத நீரில் விடுங்கள். மூழ்கினால் அந்த அங்கியை வெட்டி எறியுங்கள். இரும்பு நீரில் எட்டில் ஒரு பங்கு எடை குறைவதால் இந்தச் சோதனை கடுமையானதும் அல்ல. இதையும் தாங்காத அங்கி ஆளைத் தாங்காது.

மீனவர்கள் வெற்றுப் பிளாஸ்ரிக் கானை மிதவையாக வள்ளத்தில் கொண்டுபோவதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. இறுக மூடிய 5 லீற்றர் கான் ஏறத்தாழ 50 நியூற்றன் மிதப்புத் தருகிறது. கணக்கில் அது அங்கிக்குச் சமம். குறை ஒன்றுதான், அதைக் கை பிடித்திருக்க வேண்டும். களைத்த கை விடும். வள்ளம் கவிழ்ந்து கானைப் பற்றிக்கொண்டு இரவைக் கடந்தவர்களின் கதைகள் ஒவ்வொரு கரையூரிலும் இருக்கின்றன. விட்டவர்களின் கதையைச் சொல்ல அவர்கள் இல்லை. அங்கி போடாவிட்டாலும் கானில் மார்பைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டியாவது இருக்கட்டும்.

அங்கியிலேயே கட்டியிருக்க வேண்டியவை சில. ஒரு விசில், உள்ளே குண்டு இல்லாதது, ஏனென்றால் குண்டு நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். நீர்புகாத உறையில் கைபேசி, கழுத்திலோ அங்கியிலோ கட்டியபடி. அந்த உறைக்குள் வைத்து ஈரவிரலால் 119 ஐ அழுத்த முடிகிறதா என்று கரையிலேயே பாருங்கள். பல திரைகள் நீர் பட்டால் விரலை உணராது. ஒரு சிறு கண்ணாடி அல்லது பளபளப்பான தகடு, வெயிலில் அதன் ஒளி வெகுதூரம் போகும். மாலை நேரத்துக்கு ஒரு சிறு விளக்கு. ஒரு போத்தல் தண்ணீரும் நீளக்கைச் சட்டையும் வேண்டும். வெயிலுக்கும் சொறிமுட்டைக்கும் சட்டை உதவும். கடலில் மிதக்கும் தலையும் தேங்காயும் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்கி பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். கடல்நீல நிறத்தில் அழகான அங்கிகள் விற்கிறார்கள், அவற்றை வாங்காதீர்கள்.

தூரம் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. கையடக்க வீ.எச்.எஃப் வானொலி, அதன் 16 ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ், கப்பல்களும் கடற்படையும் கேட்டுக்கொண்டிருக்கும் அவசர அலைவரிசை. நீர்மட்டத்திலிருந்து பேசினால் அது சில கடல்மைல்கள்தான் எட்டும். கொட்டியாரக்குடாவுக்கு அது போதும். வைத்திருக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். மற்றது 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதிக்குச் சைகை அனுப்பும் தனிநபர் அவசரக் கருவி. அது கைபேசிக் கோபுரத்தை நம்பியிருப்பதில்லை. விலை அதிகம், பதிவும் செய்ய வேண்டும். வாடகைக் கயாக்குக்கு இவற்றைக் கேட்பது மிகை. வழிகாட்டியோடு புறாமலையைத் தாண்டிப் போகும் குழுவில் ஒருவரிடமாவது வானொலி இல்லையென்றால் அந்தப் பயணத்தை அனுமதிக்கக்கூடாது.

படகுக்கு வருவோம். நம் கரைகளில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேலே அமர்ந்து ஓட்டும் பிளாஸ்ரிக் கயாக்குகள். அடியில் இருக்கும் துளைகள் வழியே நீர் தானே வடிவதால், கவிழ்ந்தாலும் புரட்டி ஏறிவிடலாம். இந்த வகையின் இரகசியக் குறை பின்புறத்திலிருக்கும் வடிகால் அடைப்பான். பெருவிரல் அளவான அது தொலைந்துபோனால் வெற்றான உட்கூடு மெதுவாக நீர் குடிக்கும். அரைமணி நேரம் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு படகு தள்ளாடத் தொடங்கும், கவிழும், புரட்டினாலும் மீண்டும் கவிழும். புறப்படுமுன் படகைச் சாய்த்து உள்ளே நீர் சலசலக்கிறதா என்று கேட்பதற்குப் பத்துச் செக்கன்கூட ஆகாது.

துடுப்பு படகோடு ஒரு நாடாவால் கட்டப்பட்டிருக்க வேண்டும். கச்சான் நாளில் இதுதான் உயிர்க்கயிறு. கவிழ்ந்தவர் துடுப்பைப் பிடித்திருந்தால் அதன் வழியே படகும் கைக்குள் இருக்கும். விட்டுவிட்டால் வெற்றுக் கயாக்கைக் காற்று நல்ல நீச்சல்காரருக்கும் எட்டாத வேகத்தில் உருட்டிக்கொண்டு போகும். ஆளையும் படகையும் கயிற்றால் இணைக்கலாமா என்பதில் அனுபவசாலிகளிடையே இரு கருத்து உண்டு. திறந்த நீரில், தரைக்காற்றில், ஒரே இழுப்பில் கழலும் கொக்கியோடு இணைப்பது நல்லது. உடையும் அலைகளிலும் ஆற்றுவாயிலும் கூடவே கூடாது, கயிறு காலில் சுற்றிக்கொண்டால் படகே ஆளைக் கீழே பிடித்துவிடும்.

கவிழ்ந்தபின் ஏறும் முறை எளியது, ஆனால் பழகாதவருக்கு முடியாதது. படகைப் புரட்டி நிமிர்த்தி, நடுப்பகுதியில் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, கால்களை நீரின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிறு படகின் குறுக்கே விழும்படி ஏறி, பிறகு இடுப்பைத் திருப்பி இருக்கையில் விழ வேண்டும். கால்களை உதைக்காமல் கைப்பலத்தால் ஏற முயல்பவர்களே தோற்கிறார்கள், மூன்று தடவை தோற்றால் பலம் போய்விடும். இதை இடுப்பளவு நீரில் கரையோரமாகச் செய்து காட்டாமல் ஒருவருக்குக் கயாக் கொடுப்பது, நிறுத்தத் தெரியாதவருக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கும் வேலை.

உள்ளே கால் நீட்டி அமரும் நீளமான கடற்கயாக்குகள் இங்கே குறைவு. அவற்றுக்குத் தனிச் சாமான்கள் வேண்டும். இடுப்பில் கட்டிப் படகின் வாயை மூடும் ஸ்பிரே ஸ்கேர்ட், அதன் இழுப்புப் பிடி எப்போதும் வெளியே தெரிய வேண்டும். கைப்பம்பு, துடுப்பின் நுனியில் மாட்டி ஊதிப் படகைச் சாயாமல் பிடிக்கும் மிதவை, முன்னும் பின்னும் நீர்புகாத அறைகள், விளிம்பைச் சுற்றிப் பிடிகயிறு. அறைகள் இல்லாத படகில் நீர் நிறைந்தால் அதை நடுக்கடலில் எவராலும் இறைக்க முடியாது. வெளியேறாமலே உருண்டு எழும் வித்தையைக் கற்றவர்கள் பாக்கியவான்கள். ஆனால் அது கைகூடப் பல மாதங்கள் ஆகும். அதை நம்பி மற்றவற்றைக் கைவிடுவது ஆபத்து.

இவ்வளவையும் சொன்னபின், மாவட்டத்தில் உண்மையில் எது குறைவு என்று கேட்டால் கரையைத்தான் காட்டுவேன். சாதனங்களை வாங்கிவிடலாம். கரையில் ஒருவர் நேரம் எழுதி வைத்துக் காத்திருப்பது அரிதாக இருக்கிறது. யார், எந்த நிறப் படகு, எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்ற நான்கு விபரங்களுக்கு ஒரு பள்ளிக் கொப்பி போதும். அரைமணி பிந்தினால் யாருக்கு அழைப்பது என்பதும் அதே கொப்பியின் அட்டையில் இருக்க வேண்டும். மாவட்டத்தில் கிழக்குக் கடற்படைக் கட்டளையகம் இருக்கிறது. 2009 இன் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவும் இருக்கின்றன. அவசரத்துக்கு 119, அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. ஆனாலும் முதலில் போய்ச் சேரக்கூடியவர் அதே கரையில் எஞ்சினோடு நிற்கும் மீனவர்தான். அவரை விடுதிகள் கூலிக்கு அமர்த்திக்கொள்ள வேண்டும். கயாக் கடலில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு பைபர் படகு எரிபொருளோடும் ஓட்டுநரோடும் தயாராக நிற்க வேண்டும். கச்சானின் பலத்தைக் கரையில் நின்றே சொல்லும் அறிவும் அவரிடம் இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் எச்சரிக்கையோடு அவருடைய சொல்லையும் கேட்டு, அன்று சிவப்புக்கொடியா பச்சைக்கொடியா என்று முடிவெடுக்கட்டும்.

சட்டமும் வேண்டும். வாடகைக்குக் கயாக் விடுபவர், சுற்றுலாப் பயணிகளைப் புறாமலைக்கு ஏற்றுபவர், களப்பில் பிள்ளைகளை அக்கரைக்கு ஏற்றிச்செல்பவர் மூவருக்கும் ஒரே அடிப்படை விதி போதும். ஆளுக்கு அளவான அங்கி, கொக்கி மாட்டிய நிலையில், படகு நீரைத் தொடுமுன். அங்கியை ஆண்டுக்கு ஒரு தடவை நீரில் எடை கட்டிச் சோதிக்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் கொடுக்கலாம். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, முன்னே சொன்ன இரும்புப் படியும் ஒரு துறையும் போதும்.

வாடகைக்கு விடும் சகோதரர்களுக்கும் எடுக்கும் வாசகர்களுக்கும் நேரடியாக ஒரு வேண்டுகோள். காற்று முதுகில் பட்டால் கரையிலிருந்து நூறு மீற்றருக்கு மேல் போகாதீர்கள், போகவும் விடாதீர்கள். புறப்படுமுன் இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே ஒரு தடவை கவிழ்ந்து ஏறிப் பாருங்கள். ஏற முடியாதவர் அன்று கரையோடு நிற்கட்டும். உங்கள் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக்கொள்ளாத இடத்தில் படகு எடுக்காதீர்கள்.